காது சொறியும் நாய்

உள்ளே போகும்போது மோதிரம் ஒரு தடையும் சொல்லவில்லை. நகத்தைத் தாண்டியது, முதல் கணுவைத் தாண்டியது, நடுக்கணுவில் ஒரு நொடி தயங்கியது, பிறகு சட்டென்று வழுக்கி மோதிரவிரலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பஞ்சக்கா இடது கையை மேசை விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். மணி ஒன்று பத்து. கிடங்கில் வேறு யாரும் இல்லை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், சாப்பிட்டுவிட்டு நேரே மேலே காட்சிக்கூட வேலைக்குப் போய்விடுவார்கள்.

அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவள் பஞ்சக்காதான். எப்போது பார்த்தாலும் தலைமுடியிலோ முந்தானையிலோ ஒரு துளிப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு பானை வேறு நாட்டுக்குக் காட்சிக்குப் போக வேண்டுமென்றால், ஒரு சிலை கடல் தாண்ட வேண்டுமென்றால், அதற்குப் படுக்கை போட்டுக் கொடுப்பவள் அவள். ஃபோமை வெட்டி, குடைந்து, பஞ்சு வைத்து, மேலே மெல்லிய தாள் விரித்து, உள்ளே வைத்த பொருள் புரண்டு படுக்கக்கூட முடியாதபடி செய்துவிடுவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிண்ணத்தின் விளிம்புகூட அவள் கையில் உதிர்ந்ததில்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் முட்டை வாங்கி வந்தால் பையைத் தான் திறக்க மாட்டார். "நிபுணர் கையால ஆகட்டும்" என்று அவளிடமே நீட்டிவிடுவார்.

அளவுகோல், கவராயம் எல்லாம் அவள் மேசையில் இருக்கத்தான் செய்கின்றன. அவை அறிக்கையில் எண்களை எழுதுவதற்கு. ஃபோமை வெட்ட அவளுக்கு வேண்டியது கை. சாண், முழம், முஷ்டி, நகக்கண் என்று அவளிடம் தனியாக ஒரு கணக்கு இருந்தது. மோதிரம் என்றால் அதன் வளையத்துக்குள் நிற்க ஃபோமில் ஒரு குட்டித் தூண் செதுக்க வேண்டும். தூண் தளர்ந்தால் வழியெல்லாம் மோதிரம் ஆடும். இறுகினால் அந்தப் பக்கம் எடுக்கிறவர்கள் பிடித்து இழுப்பார்கள். அதனால் கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, விரல் நுனியை நகம் வரைக்கும் விட்டுப் பார்ப்பாள். நகம் வரைக்கும்தான். யாரும் போட்ட விதி இல்லை, தனக்குத்தானே போட்டுக்கொண்டது. இன்றைக்கு அதை மீறியதும் அளவுக்காகத்தான் என்று அவள் பிறகு யாரிடமாவது சொல்லக்கூடும். நீங்கள் நம்ப வேண்டாம். ஆசைதான், வேறொன்றும் இல்லை.

ஆசைப்படும்படியான பொருள்தான் அது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சூதுபவளக் கல், தேனில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தது போன்ற நிறம். அதைச் சுற்றி மெல்லிய தங்க வளையம். செய்து இரண்டாயிரத்து முந்நூறு வருடம் ஆகிறது. கல்லுக்குள் ஒரு நாயைக் குடைந்து வைத்திருந்தான் யாரோ ஒருவன். பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டிருக்கிற நாய். சிங்கமில்லை, ராஜாவில்லை, சாமியில்லை. ஒரு சாதாரண நாய், அதுவும் சொறிகிற நாய். அதைத் தன் முத்திரையாகப் போட்டுக்கொண்டு நடமாடிய ஓர் ஆள் இருந்திருக்கிறான், அல்லது இருந்திருக்கிறாள். எழுதி மடித்ததன் மேல் களிமண்ணோ மெழுகோ வைத்து, அதில் இந்தக் கல்லை அழுத்தி, இது நான் அனுப்பியதுதான் என்று இந்த நாயைச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் பஞ்சக்காவுக்கு உடம்பு சிலிர்க்கும்.

நாலு மணிக்கு வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார். மோதிரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அறிக்கையோடு ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கையோடு கொண்டுபோவார். ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பும். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கு விரல் நகத்தோடு நிற்கவில்லை.

விளக்கடியில் அவள் இன்னொன்றையும் பார்த்தாள். வளையத்தின் ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. அறிக்கையில் "ஒரு பக்கம் தேய்மானம்" என்று இருக்கிறது, எழுதியதே அவள்தான். எதனால் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது விரலில் போட்டதும் அந்த மழுங்கிய விளிம்பு நேராக அவள் நடுவிரலைத் தொட்டுக்கொண்டு நின்றது. பக்கத்து விரல் உரசி உரசித் தேய்ந்த தேய்வு. அப்படித் தேய எத்தனை வருடம் போட்டிருக்க வேண்டும்! அந்த ஆளும் இதே இடது கையில், இதே விரலில்தான் போட்டிருக்க வேண்டும், இவ்வளவு பருமனான விரலில்தான். ஊர் தெரியாது, மொழி தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது, விரல் மட்டும் தெரிகிறது. யாரோ பக்கத்தில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது அவளுக்கு. பயமாக இல்லை.

சரி, போதும் என்று கழற்றப் போனாள். நடுக்கணு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. மறுபடி திருகிப் பார்த்தாள். தோல் சுருண்டு கணுவின் முன்னால் ஒரு மேடு கட்டியது. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து நூறு வரை எண்ணினாள். இறக்கி இழுத்தாள். வலித்தது. ஒன்றரை மணிக்கு விரல் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. மோதிரத்துக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கி நின்றது. இன்னொருத்தியாக இருந்தால் சோப்பைப் போட்டிருப்பாள், எண்ணெய் தடவியிருப்பாள், ஐஸில் முக்கியிருப்பாள். ஆனால் அந்தக் கல்லில் மயிரிழை போல ஒரு விரிசல் உண்டு. குளிர் பட்டால் பிளந்துவிடலாம். கல்லைத் தங்கத்தோடு பிடித்து வைத்திருப்பது பழங்காலத்து அரக்கு போன்ற ஏதோ ஒன்று. ஈரம் பட்டால் இளகும், எண்ணெய் பட்டால் கரையும். இதெல்லாம் வேறு யாரையும் விட பஞ்சக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, தெரிந்தவள் விரலில்தானே மாட்டியிருக்கிறது.

மேலாளர் அம்மாவிடம் போய் நிற்கலாம். அவர் திட்ட மாட்டார், அதுதான் பயம். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாலு பேரைக் கூப்பிடுவார். கூட்டம் போடுவார்கள். பயணம் நிற்கும். மோதிரத்தை அறுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே இருக்கும்போது விரல் கறுத்துப் போகும், பிறகு அறுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு அப்புறம் அவள் இந்தக் கிடங்குக்குள் காலெடுத்து வைக்க முடியாது. வேலை போவது ஒரு பக்கம். எங்கேயோ தீயிலிருந்தும் திருடனிடமிருந்தும் மண்ணுக்கடியிலிருந்தும் தப்பித்து வந்த ஒன்று, பொத்திப் பொத்தி வைக்கிறவள் கையில் அறுபட்டுப் போவது இன்னொரு பக்கம்.

விரலில் மாட்டிய மோதிரத்தைக் கழற்றத் தெரிந்த ஒரே ஓர் ஆளை அவளுக்குத் தெரியும். அந்த ஆளோடு அவள் ஒன்றரை வருடமாகப் பேசுவதில்லை.

அவள் நாத்தனார், கணவரின் தங்கை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் பதினாறு வருடமாக நர்ஸ். போன வருடக் கோடையில் பஞ்சக்காவின் கணவர் விரலில் குளவி கொட்டிவிட்டது. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. நாத்தனார் குட்டிச் சக்கரம் மாதிரி ஒரு கருவியை எடுத்து, உள்ளங்கைப் பக்கமாக வைத்து, மோதிரத்தை அறுத்துப் போட்டுவிட்டாள். செய்தி கேட்டு ஓடி வந்த பஞ்சக்கா, புருஷன் நன்றாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள், பக்கத்துத் தட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த மோதிரத்தைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். "பொறுமையா ஒரு நூலைச் சுத்தி எடுத்திருக்கக் கூடாதா? உடைக்கிறதுக்குத்தான் சம்பளம் வாங்குறியா?" வார்டே திரும்பிப் பார்த்தது. அதோடு சரி. பிறகு குடும்ப விசேஷங்களில் இருவரும் ஒரே அறையில் இருந்தால், நடுவில் கணவர் தூதுவராக ஓடுவார். வீட்டில் அறுந்த மோதிரம் ஃபோமில் அதே வாய்பிளந்த வடிவத்துக்குக் குடைந்த குழியில் படுத்திருக்கிறது. ஒட்டித் தருகிறேன் என்று நகைக்கடைக்காரர் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

தொலைபேசியை எடுத்தாள். நாலாவது மணியில் நாத்தனார் எடுத்தாள்.

"சொல்லுங்க." அண்ணி என்கிற சொல் இல்லை.

"ஒரு மோதிரம் மாட்டிக்கிச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நிறம் எப்படி இருக்கு?"

"சிவப்பு. சூதுபவளம், கொஞ்சம் தேன் நிறம் கலந்து..."

"கல்லு நிறத்தை யாரு கேட்டா அண்ணி? விரலு நிறம்."

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து இரண்டு இருபதுக்கு அவள் கிடங்கு வாசலில் நின்றாள், தோளில் பையோடு, நெற்றியில் வியர்வையோடு. கிடங்குக்குக் காவல் இருப்பவரைச் சாவி என்று கூப்பிடுவார்கள். இடுப்பில் அவ்வளவு சாவிகள். வெளியார் யார் வந்தாலும் நோட்டில் எழுத வேண்டும், மேலாளர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் பஞ்சக்காவின் கையைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"என் நாத்தனார்."

"நாத்தனாரா? அப்ப சண்டை போடத்தான் வந்திருப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு எதுக்கு நோட்டு?" என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனார் விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தாள். மோதிரத்தைப் பார்க்கவே இல்லை, நகத்தைத்தான் பார்த்தாள். நகத்தை அழுத்திவிட்டாள். வெளுத்தது. எண்ணினாள். இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்பியது.

"இன்னும் ரத்தம் ஓடுது. எவ்வளவு நேரமா இழுக்கிறீங்க?"

"ஒரு மணி நேரம்."

"இழுக்க இழுக்க வீங்கும். இதைப் பத்து வயசுப் பிள்ளைகிட்டகூடச் சொல்லியிருக்கேன்." பையைத் திறந்து மேசையில் பொருட்களை எடுத்து வைத்தாள். கட்டுத் துணி, தையல் நூல், கடைசியாக அந்தக் குட்டிச் சக்கரம். அதைப் பார்த்ததும் பஞ்சக்கா கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அது வேணாம். உள்ள வை."

"வெளியிலயே இருக்கட்டும். நகம் சிவக்க மூணு எண்ணுற அளவுக்கு ஆச்சுன்னா நான் உங்களைக் கேக்க மாட்டேன். ரெண்டாயிரம் வருஷமாவது ரெண்டு லட்சம் வருஷமாவது. எனக்கு விரல்தான்."

"விரல் எங்கிட்ட பத்து இருக்கு. இது ஒண்ணுதான் இருக்கு."

நாத்தனார் நிமிர்ந்து அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். அவசரப் பிரிவில் குடிகாரர்களை அடக்கும் பார்வை. பஞ்சக்கா கையை மேசைமேல் வைத்தாள்.

விரல் நுனியிலிருந்து அடி வரை துணியை இறுக்கிச் சுற்றி, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பத்து நிமிடம் காத்திருந்தார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. தையல் நூலைச் சுற்றப் போனபோது பஞ்சக்கா ஒத்துக்கொள்ளவில்லை, அந்த நூல் தங்கத்தில் கோடு போட்டுவிடும். கிடங்கில் இருந்த பருத்தி நாடாவைச் சுற்றினார்கள். நாடாவின் நுனியை மோதிரத்துக்கு அடியில் செருகி, அடியிலிருந்து சுற்றைப் பிரித்துக்கொண்டே வர, பிரிகிற ஒவ்வொரு சுற்றும் மோதிரத்தைக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். கணு வரைக்கும் தள்ளியது. கணுவில் நாடா பிய்ந்துபோனது. பஞ்சக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

இரண்டாவது தடவை சுற்றும்போது நாத்தனார், தலை நிமிராமலே, "அன்னைக்கும் சுத்தினேன்" என்றாள்.

"என்ன?"

"அண்ணனுக்கு. மூணு தடவை சுத்தினேன். அவன் கத்துறான், நான் அழுதுகிட்டே சுத்துறேன். நாலாவது தடவை நகம் கறுத்துருச்சு."

"ஏன் சொல்லல நீ?"

"நீங்க எங்க கேட்டீங்க? கத்தினீங்க. எனக்கும் வீம்பு வந்துருச்சு."

ஒன்றரை வருடம் தூது போன மனுஷன் இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று வீட்டிலிருப்பவர் மேல் கோபம் திரும்பியது. அது நியாயமில்லை என்றும் தெரிந்தது. பஞ்சக்காவுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை. இரண்டாவது நாடாவும் கணுவில் அறுந்தது. மணி மூன்று ஐந்து.

நாத்தனார் நகத்தை அழுத்திவிட்டாள். வெளுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு அசைந்தது. நான்கு சொல்ல வாய் திறந்தபோதுதான் சிவப்பு வந்தது.

அவள் சக்கரத்தைக் கையில் எடுத்தாள். பஞ்சக்கா தன் பூதக்கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினாள். அறுக்கத்தான் போகிறாள் என்றால் பார்த்து அறுக்கட்டும், இருப்பதிலேயே கெடுதல் குறைந்த இடத்தில் அறுக்கட்டும். கையை மல்லாத்திக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சக்கரத்தின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் பூதக்கண்ணாடியில் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சுகூட விடாமல் குனிந்திருந்தாள்.

"அண்ணி, இதை ஏற்கெனவே அறுத்திருக்காங்க."

"அதா? பழைய ஒட்டு. அறிக்கையில எழுதியிருக்கு. எப்பவோ உடைஞ்சிருக்கும்."

"உடையல. உடைஞ்சா கல்லுக்குப் பக்கத்துல உடையும், அங்கதான் மெலிசு. நெளிஞ்சு உடையும். இது நேர் கோடு. அடியில, உள்ளங்கைப் பக்கம், நட்டநடுவுல. நாங்க இங்கதான் அறுப்போம். வேற எங்க அறுத்தாலும் சதையைக் கிழிக்கும்." குரல் இறங்கிவிட்டது. "இங்க பாருங்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசா கோணல். அறுத்துட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சு விரிச்சிருக்காங்க. விரிச்சாத்தான் விரல் வெளிய வரும். நான் நூறு மோதிரம் அறுத்திருக்கேன் அண்ணி. இது யாரோ ஒருத்தர் விரல் வீங்கி அறுத்தது."

பஞ்சக்கா அவள் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினாள். இருபத்திரண்டு வருடம் பார்த்த கோடு. எத்தனை நிபுணர்கள் வந்தார்கள், எத்தனை பேர் அதைக் கடந்து போய்க் கல்லைப் பார்த்து வியந்தார்கள். மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுத்த தங்கத்தில் மெல்லிய கோடு. இப்போது அதன் இரண்டு பக்கமும் அந்தக் கோணல் தெரிந்தது, ஒரு முறை சொன்ன பிறகு வேறெதுவுமே தெரியவில்லை. யாருக்கோ விரல் வீங்கியிருக்கிறது. குளவியோ, காய்ச்சலோ, பிள்ளை வயிற்றில் இருந்ததோ. கதறியிருக்கிறார்கள். பக்கத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அரத்தால் ராவியிருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன ஒருவரும் கட்டாயம் இருந்திருக்க வேண்டும், அறுத்தே ஆகணும் என்று சொன்ன ஒருவரும்.

அப்போதுதான் அவளுக்கு அடுத்தது தெரிந்தது, அது அவள் தொழிலுக்கு மட்டும் தெரிகிற விஷயம். ஒட்டுப் போட்ட இடமும் மற்ற இடத்தைப் போலவே வழவழவென்று இருந்தது. ஒட்டின் மேடு விரலாலும் வேலையாலும் தேய்ந்து போயிருந்தது.

"ஒட்டினதுக்கு அப்புறமும் போட்டிருக்காங்க," என்றாள் பஞ்சக்கா. "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. இப்படித் தேயறதுக்கு ஆயுசு பூரா போட்டிருக்கணும்."

இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் அலமாரிகளில் ஆயிரக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் யாரோ பிடித்தது, குடித்தது, உடைத்தது, ஒட்டியது. இவ்வளவு காலம் அவற்றையெல்லாம் பொருட்கள் என்று மட்டும் நினைத்திருந்தோமே என்று பஞ்சக்காவுக்கு இருந்தது. விரலில் துடிப்பு வலியாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் மோதிரம் துளி அசைந்தது போல இருந்தது.

"அறுத்துடு," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. "அவங்க அறுத்தாங்க, ஒட்டினாங்க, போட்டுக்கிட்டாங்க. அதே கோட்டுல அறு. நான் மேல போய்ச் சொல்லிக்கிறேன். என் கையாலயே எழுதறேன்."

நாத்தனார் சக்கரத்தைக் கோட்டின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு எடுத்து மேசையின் மறுமூலைக்குத் தள்ளினாள்.

"இன்னொரு தடவை. வேற ஏதாவது நாடா இருக்கா? வழுக்கற மாதிரி."

"நகம்?"

"நகத்தை நான் பாத்துக்கறேன். நாடா இருக்கா இல்லையா?"

இருந்தது. குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றுவார்களே, அந்த வெள்ளை வழுவழுப்பு நாடா. உடைந்த பானைகளைக் கட்டி வைக்கப் பஞ்சக்கா அதைச் சுருள் சுருளாக வைத்திருந்தாள். ஈரமில்லை, எண்ணெயில்லை, தங்கத்தில் கோடு போடாது. ஏன் முதலிலேயே நினைவு வரவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சமிருந்தது. நாத்தனார் அதை நாலு மடிப்பாக முறுக்கிச் சுற்றினாள், இடைவெளியே இல்லாமல், கணுவுக்கு மேல் இரண்டு பங்கு இறுக்கி.

"கல்லு மேல வரட்டும்," என்றாள் பஞ்சக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் கட்டைவிரலைக் கல்லு மேல வெச்சு அமுக்கிப் பிடி. வளையத்தை மட்டும் நெம்பினா கல்லு கழண்டுரும். நல்லா அமுக்கு. சதை ஒண்ணும் செய்யாது கல்லை."

"வலிக்கும்."

"வலிக்கட்டும்."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மோதிரம் கணுவின் அடிவாரத்துக்கு வந்து நின்றது. நாத்தனாரின் கட்டைவிரல் கல்லைக் கெட்டியாகப் பிடித்திருந்தது, நகம் வெளுக்கும் அளவுக்கு. மற்றக் கை நாடாவை மயிரளவு மயிரளவாகப் பிரித்தது. பஞ்சக்கா தன் விரலுக்குள் எலும்பு நகர்வதைப் போல உணர்ந்தாள். மூன்றாவது சுற்று. கணுவின் உச்சி. தோல் உரிந்தது, ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது, அதைத் தங்கத்தில் படாமல் நாத்தனார் தன் சுண்டுவிரலால் துடைத்தாள். அந்த ஒரு செயலைப் பார்த்ததும் பஞ்சக்கா வாய்விட்டு அழுதுவிட்டாள். வலியால் என்று வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் நினைத்திருப்பார்.

நாலாவது சுற்றில் மோதிரம் வந்துவிட்டது. எப்படிப் போனதோ அப்படியே, ஒரு வார்த்தை சொல்லாமல்.

பஞ்சக்கா அதை வலது கையில் வாங்கிப் பூதக்கண்ணாடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விரிசல் வளரவில்லை. கல் அசையவில்லை. கோடு அப்படியே இருந்தது. தூணில் இறக்கி, பெட்டியில் வைத்து, தாளை மூடினாள். மூன்று ஐம்பது. அறிக்கையைப் பக்கத்தில் இழுத்தாள். கடைசி வரியில் "மாற்றம் ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். "பழைய ஒட்டு" என்கிற சொல்லையும் இப்போது அடிக்க வேண்டும். அடித்தால், யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "இங்க வாங்க."

தன் வலது கட்டைவிரலை விளக்குக்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சக்கா எழுந்து போனாள். குனிந்தாள்.

கட்டைவிரலின் சதையில் நாய் இருந்தது.

கல்லில் பள்ளமாக இருந்தது இங்கே மேடாக எழுந்து நின்றது. கல்லில் இடப்பக்கம் பார்த்த நாய் இங்கே வலப்பக்கம் பார்த்தது. அந்த விரிசலுக்குப் பயந்து இந்தக் கல்லை இதுவரை யாரும் மெழுகில்கூட அழுத்திப் பார்க்க விட்டதில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து பஞ்சக்கா பார்த்ததெல்லாம் பள்ளத்தைத்தான். செதுக்கியவன் நினைத்த நாயை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தன. தூக்கிய காலின் பாதத்தில் விரல்கள்கூட இருந்தன. கண்ணை இறுக்க மூடியிருந்தது, சொறிகிற சுகத்தில். கல்லின் இருட்டில் அந்த மூடிய கண் யாருக்குமே தெரிந்ததில்லை.

"மூச்சு விடுது," என்றாள் பஞ்சக்கா.

விடத்தான் செய்தது. நாயின் வயிறு மெல்ல எழுந்தது, மெல்ல இறங்கியது.

"கட்டைவிரலுக்குன்னு தனியாத் துடிப்பு உண்டு அண்ணி," நாத்தனார் கிசுகிசுத்தாள், சத்தம் கேட்டால் நாய் ஓடிவிடும் என்பது போல. "அதான் நாடி பாக்கும்போது கட்டைவிரலை வைக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. நம்ம துடிப்பை அடுத்தவங்க துடிப்புன்னு எண்ணிடுவோம்."

பஞ்சக்கா அந்தக் கையைத் தன் வீங்கிய கையால் அடியில் தாங்கிக்கொண்டாள், தான் இதுவரை தாங்கிய எல்லாவற்றையும் விட மெதுவாக. சாவியும் எப்போது எழுந்து வந்தாரோ தெரியவில்லை, பின்னால் நின்று இவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் உள்ளங்கையில் பொத்தியிருந்தார்.

ரத்தம் திரும்பி வர வர, நாய் விரலுக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் வால் போனது. பிறகு விலா எலும்புகள், ஒன்று ஒன்றாக. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கால் மங்கியது. தூக்கிய பாதமும், அந்த மூடிய கண்ணும், கொஞ்சம் காதும் மட்டும் சிவந்த சதையில் இன்னும் நின்றன, எழுந்து இறங்கிக்கொண்டு.